டாட்டூ டிசைனை யார் வரைவது: ஆல்பமா, நீங்களா, ஆர்ட்டிஸ்ட்டா?

என் அப்பத்தாவின் இடது முன்கையில் ஒரு கோலம் இருந்தது. மேலூர்ப் பக்கம் ஊர் ஊராக வந்த குறத்தி ஒருத்தியிடம், கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பச்சை குத்திக்கொண்டதாம். அகத்திக் கீரையையும் மஞ்சள்தூளையும் சேர்த்து அரைத்து, துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியை வழித்தெடுத்துத்தான் மை கூட்டுவார்களாம். "போறப்ப கூட வர்றது இது ஒண்ணுதான்டி" என்று அந்தக் கையைத் தடவிக்கொண்டே சொல்லுவார்.

அவர் போய் மூன்று வருஷம் கழித்து, அதே கோலத்தை என் கையில் குத்திக்கொள்வது என்று முடிவெடுத்தேன். முடிவெடுக்க ஒரு நாள் போதுமாயிருந்தது. அதை யார் வரைவது, எப்படி வரைவது என்பதற்குத்தான் எட்டு மாதம் ஆனது. மதுரையிலும் சென்னையிலுமாக ஐந்து ஸ்டுடியோ ஏறி இறங்கினேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை, இப்போது அதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடையில் இருக்கும் டிசைனை எடுப்பது, இணையத்தில் பிடித்த படத்தைக் காட்டுவது, நாமே வரைந்து கொண்டுபோவது, ஆர்ட்டிஸ்ட்டோடு உட்கார்ந்து புதிதாக உருவாக்குவது என்று வழிகள் இருக்கின்றன. ஸ்டென்சில், அதாவது டிசைனைத் தோலில் பதிக்கும் அச்சுத்தாள், இல்லாமல் நேராகத் தோலிலேயே வரைவதும் ஒன்று. எல்லாமே எல்லாருக்கும் பொருந்தாது.

முதலில் ஆல்பம். ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருக்கும், அல்லது கோப்பில் போட்டு வைத்திருக்கும் தயார் டிசைன்கள். தொழிலில் இதை ஃப்ளாஷ் என்பார்கள். எடிசனின் மின்சாரப் பேனாவைப் பின்பற்றி நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி 1891-இல் டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். வேலை வேகமான பிறகு, வருகிறவர்கள் சட்டென்று பார்த்துக் கைகாட்டத் தோதாக இந்தத் தாள்கள் பெருகின. இதைக் குறைவாகப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அந்த எண்ணம் இல்லை. நல்ல ஆர்ட்டிஸ்ட்டின் ஆல்பத்தில் இருக்கும் டிசைன் பலமுறை தோலில் குத்திப் பார்த்தது. எந்தக் கோடு நிற்கும், எந்த அளவுக்குக் கீழே சுருக்கக் கூடாது என்று அவருக்குக் கைப்பழக்கம் இருக்கும். விலை முன்பே தெரியும், ஒரே நாளில் முடிந்துவிடும். என் கல்லூரித் தோழி ஒருத்தி கணுக்காலில் ஒரு சிறிய குருவியை இப்படித்தான் போட்டுக்கொண்டாள். பதினோரு வருஷம் ஆகிறது, இன்னும் அழகாக இருக்கிறது. குருவிக்குப் பின்னால் அவளிடம் பெரிய கதை எதுவும் இல்லை. பிடித்திருந்தது, போட்டுக்கொண்டாள். அப்படிப்பட்ட ஆசைக்கு ஆல்பமே சரியான வழி. தனி டிசைனுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நம் ஊர் ஆல்பங்களில் 'ட்ரைபல்' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் பல, நியூசிலாந்தின் மாவோரி மக்கள் குத்திக்கொள்ளும் மோகோ என்ற பச்சையைப் பார்த்து வரைந்தவை. மோகோ என்பது ஒருவருடைய வம்சாவளியையும் குலத்தையும் சொல்வது. மாவோரி அல்லாதவர்களுக்கென்று அந்தப் பாணியில் வரைவதற்கு அவர்களே கிரிட்டுஹி என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். என் அப்பத்தாவின் கோலத்தைத் தேடி அலைந்த எனக்கு, இன்னொருவர் பாட்டனின் அடையாளத்தை அர்த்தம் தெரியாமல் தோளில் சுமக்க மனம் வராது.

இணையத்துப் படம் பார்க்க ஆல்பம் போலத்தான் தெரியும். ஆனால் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான படங்கள் குத்தி முடித்த அரை மணி நேரத்துக்குள், நல்ல வெளிச்சத்தில் எடுத்தவை. ஐந்து வருஷம் கழித்து அந்தத் தோலில் அது எப்படி இருக்கிறது என்பதை யாரும் பதிவேற்றுவதில்லை. வெளிறிய தோலில் எடுத்த மெல்லிய சாம்பல் நிழல்கள் நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அப்படியே தெரியப்போவதில்லை. அப்புறம், அது இன்னொருவருக்காக யோசித்து வரைந்த டிசைன். மைக் டைசனின் முகத்தில் இருக்கும் டாட்டூவை ஒரு சினிமா நடிகரின் முகத்தில் அப்படியே போட்டதற்காக, அதை வரைந்த விட்மில் 2011-இல் வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குப் போட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. உங்கள் மேல் யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்றாலும், நல்ல ஆர்ட்டிஸ்ட் அடுத்தவர் டிசைனை அப்படியே குத்தத் தயங்குவார். தயங்காமல் "அதுக்கென்ன, அச்சு அசலா போட்டுடலாம்" என்பவரிடம் நான் கொஞ்சம் உஷாராக இருப்பேன். இணையப் படங்களை ஜாடை காட்ட மட்டும் பயன்படுத்துங்கள். இந்தக் கோட்டின் தடிமன் பிடிக்கும், இந்த வெற்றிடம் பிடிக்கும் என்று சொல்ல அவை நன்றாக உதவும்.

நானே வரைந்துகொண்டு போனதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முதலில் செய்தது அதைத்தான், முதலில் தவறியதும் அதில்தான்.

அப்பத்தாவின் கை தெரியும் ஒரே ஒரு போட்டோ இருந்தது, அதுவும் மங்கல். ஆனால் கோலம் எனக்கு மனப்பாடம். நேர்ப்புள்ளி, நடுவரிசையில் ஐந்து, இரண்டு பக்கமும் மூன்று, ஒன்று என்று குறைந்து, மொத்தம் 13 புள்ளி. அவற்றைச் சுற்றி வளைந்து போகும் கம்பிக் கோலம். மணிக்கட்டின் உள்பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஒன்றரை சென்டிமீட்டரில் வேண்டும் என்று வெள்ளைத்தாளில் கூர்மையான பேனாவால் வரைந்து கொண்டுபோனேன். ஆர்ட்டிஸ்ட் என்னைவிடச் சின்னப் பையன். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இது இன்னிக்கு அழகா இருக்கும். பத்து வருஷம் கழிச்சு கறுப்பு வட்டமா தெரியும்" என்றார்.

பிறகு ஸ்கேலை எடுத்துக் காட்டினார். ஒன்றரை சென்டிமீட்டரில் ஐந்து புள்ளி என்றால் புள்ளிக்குப் புள்ளி 3 மில்லிமீட்டர். நடுவே போகும் கோடு புள்ளியின் மையத்திலிருந்து ஒன்றரை மில்லிமீட்டரில் இருக்கும். கோட்டுக்கும் புள்ளிக்கும் தடிமன் உண்டு, அதைக் கழித்தால் இடையில் ஒரு மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை புதிதாகிவிடும். அதனால் மையை அதற்குக் கீழே, 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள அடித்தோலில் இறக்குகிறார்கள். அங்கே உடம்பின் காவல் உயிரணுக்கள் அதை அந்நியப் பொருள் என்று விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஓர் உயிரணு சாகும்போது வெளியாகும் மையைப் பக்கத்து உயிரணு எடுத்துக்கொள்கிறது. இந்தக் கைமாற்றத்தில் வருஷக்கணக்கில் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். அப்பத்தா கையில் கோலம் ஏன் கடைசிக் காலத்தில் பச்சைத் திட்டாகத் தெரிந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. என் கோலம் நிலைக்க வேண்டுமானால் குறைந்தது 5 சென்டிமீட்டராவது வேண்டும் என்றார். அப்படியென்றால் மணிக்கட்டில் இடம் போதாது.

தாளில் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. கை திரும்பும். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து முன்கையில் ஒரு சதுரம் வரையுங்கள், பிறகு உள்ளங்கையைக் கீழே திருப்புங்கள். மணிக்கட்டுக்கு அருகே இருக்கும் பக்கம் முறுக்கிக்கொள்ளும். பூவோ கொடியோ என்றால் கண்ணுக்குத் தெரியாது. வரிசை பிசகாத புள்ளிக் கோலத்தில் பளிச்சென்று தெரியும். அதனால்தான் ஸ்டென்சில் ஒட்டும்போது நம்மை நிற்கவைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்கிறார்கள்.

தமிழ் எழுத்து போட நினைப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. என் தம்பிக்கு அப்பத்தாவின் பெயரே போதும் என்றிருந்தது: பொன்னம்மாள். வேறோர் ஊரில், தமிழ் படிக்கத் தெரியாத ஆர்ட்டிஸ்ட்டிடம் போனான். பெயரை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பினான். அவருடைய டிசைன் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. 'பொ'வில் முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய், ஒரு புள்ளிவட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. மெய்யெழுத்தின் புள்ளி ஒன்று பக்கத்து எழுத்தின் தலையில் ஏறிவிட்டது. ஸ்டென்சில் ஒட்டிய பிறகு கண்ணாடியில் பார்த்துத்தான் அவன் நிறுத்தினான். எழுத்து என்றால் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். கையால் எழுதி, அல்லது சரியாகத் தெரியும் இடத்திலிருந்து படமாக அனுப்புங்கள். ஸ்டென்சிலைத் தமிழ் தெரிந்த இன்னொருவரையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். அளவும் முக்கியம். ண, ஞ, ழ போன்றவற்றின் உள்வளைவுகள் சின்ன எழுத்தில் சீக்கிரம் அடைபடும். புள்ளிக்கும் அதன் கீழே உள்ள எழுத்துக்கும் இடைவெளி தாராளமாக இருக்கட்டும். அது எழுத்தோடு ஒட்டிவிட்டால் 'அம்மா' நாளடைவில் 'அமமா' ஆகிவிடும்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் ஆர்ட்டிஸ்ட்டிடமே விட்டுவிடலாமா? அடுத்து நான் செய்தது அதுதான். சென்னையில் ஒரு பெரிய ஸ்டுடியோ. போட்டோவைக் கொடுத்தேன், கதையைச் சொன்னேன், 2,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினேன். "குத்துற அன்னிக்கு டிசைன் காட்டுறோம்" என்றார்கள். போன அன்றைக்குத் திரையில் காட்டியது என் கோலம்போல இருந்தது, ஆனால் என் கோலமாக இல்லை. ஒரு கால் பகுதியை மட்டும் வரைந்து, அதையே நாலு பக்கமும் கண்ணாடிபோல் கவிழ்த்து ஒட்டியிருந்தார்கள். அப்பத்தாவின் கோலம் கண்ணாடிபோல் மடங்காது, சக்கரம்போல் சுழலும். கவிழ்த்து ஒட்டியதில் விட்டுப்போகாமல் ஓடவேண்டிய கம்பி மூன்று தனி வளையங்களாக அறுந்திருந்தது. ஓரத்தில் கேட்காமலேயே ஒரு தாமரையும் வந்திருந்தது. மாற்றச் சொன்னால் இன்னொரு நாள், இன்னொரு கட்டணம் என்றார்கள். அட்வான்ஸ் திரும்ப வராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அழுகையாக வந்தது. குத்தாமல் எழுந்து வந்துவிட்டேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

ஆர்ட்டிஸ்ட்டை முழுதாக நம்புவது தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. யானை வேண்டும், மலை வேண்டும், அம்மாவுக்குப் பிடித்த செம்பருத்தி வேண்டும் என்று ஒரு பொருளைச் சொல்லிவிட்டு, எப்படி வரைவது என்பதை அவருடைய பாணிக்கே விட்டுவிடுவதுதான் அழகு. அவருடைய பாணி பிடித்துத்தானே போகிறீர்கள்? அங்கே போய் இலை இலையாகத் திருத்தினால் இரண்டு பேருக்கும் நிறைவிருக்காது. ஆனால் எழுத்து, கோலம், ஒரு வீட்டின் முகப்பு, ஒருவருடைய கையெழுத்து என்று வெளியே ஓர் அசல் இருக்கிற விஷயத்தில், அந்த அசலைத் தெரிந்த ஆள் நீங்கள்தான். அதில் பாதி வேலையை நீங்கள் செய்தே ஆகவேண்டும்.

அதனால் நான் கடைசியில் போனது நடுவழி. ஒன்றரை சென்டிமீட்டர் கோலத்தைக் கறுப்பு வட்டம் என்று சொன்ன அந்தத் தம்பியிடமே திரும்பிப் போனேன். வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் டிசைனுக்குத் தனியாக 2,500 ரூபாய் கேட்டார். இரண்டு திருத்தம் அதில் அடக்கம், அங்கேயே குத்தினால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். இப்படிப் பிரித்துக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கிறது. வரைவதும் குத்துவதும் இரண்டு தனி வேலைகள். வரைந்ததற்குக் கூலி வாங்கிவிட்டவருக்கு, எப்படியாவது இன்றைக்கே குத்தி அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் இருக்காது.

"பேப்பர்ல வரையாதீங்க அக்கா. நீங்க வாசல்ல எப்படிப் போடுவீங்களோ அப்படிப் போட்டு, நேர் மேலேயிருந்து போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றார். மறுநாள் காலையில் மொட்டைமாடியில் அரிசி மாவில் ஏழெட்டு முறை போட்டேன். பேனாவில் வராத ஏதோ ஒன்று மாவில் வந்தது. வளைவில் கை மெதுவாகும்போது கோடு தடிக்கிறது, நேராக இழுக்கும்போது மெலிகிறது. அவர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். புள்ளிகளின் வரிசையை மட்டும் சீராக்கினார், கம்பிகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் இடைவெளியை விரித்தார், முழங்கைப் பக்கம் முன்கை அகலமாவதற்கு ஏற்ப மேல்வரிசையை ஒரு மயிரிழை விரித்தார். நான் சொன்ன திருத்தம் ஒன்றே ஒன்று: அப்பத்தா கையில் நடுப்புள்ளி மட்டும் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். போட்டோவில் அது தெரியவில்லை, எனக்குத்தான் ஞாபகம் இருந்தது.

ஆர்ட்டிஸ்ட்டோடு சேர்ந்து டிசைன் செய்யப்போகிறவர்கள் அட்வான்ஸ் கட்டும் முன் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள். டிசைனை எத்தனை நாள் முன்பு பார்க்கலாம்? எத்தனை திருத்தம் அடக்கம்? பிடிக்காவிட்டால் எவ்வளவு பணம் போகும்? கணக்கு சதுர அங்குலத்துக்கா, ஒருமுறை உட்காரும் சிட்டிங்குக்கா? ஆறிய பிறகு விட்டுப்போன இடங்களைச் சரிசெய்யும் டச்-அப் அதில் சேர்த்தியா? இதே டிசைனை வேறொருவருக்குப் போடுவீர்களா? அப்புறம், புதிதாகக் குத்தியவற்றோடு, ஆறிப்போன பழைய வேலைகளின் படங்களையும் காட்டச் சொல்லுங்கள். நான் போன ஐந்து இடங்களில் இரண்டில்தான் ஆறிய படங்கள் வைத்திருந்தார்கள்.

ஸ்டென்சில் இல்லாமல் பேனாவால் நேராகத் தோலில் வரைந்து குத்தும் முறை பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. தோளைச் சுற்றி வரும் கொடி, விலா எலும்போடு வளையும் அலை, பழைய டாட்டூவை மறைப்பது போன்றவற்றுக்கு அதுதான் பொருத்தம், ஏனென்றால் உடம்பின் வளைவே அங்கே தாள். ஆனால் வரைந்த கையோடு குத்தத் தொடங்கிவிடுவார்கள், இரவு தூங்கி எழுந்து யோசிக்க நேரமில்லை. முதல் டாட்டூவுக்கு நான் சொல்லமாட்டேன்.

எந்த வழியில் போனாலும் மாறாத சில விஷயங்கள் உண்டு. உறை பிரிக்காத புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், மை ஊற்றும் கிண்ணமும் புதிதாக இருக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் பேட்டரி மெஷினோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். ஒரே ஊசி பல கைகளில் இறங்கினால் ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாம் அந்த வழியில் வரும். டாட்டூ போட்டபின் நம் நாட்டில் 12 மாதத்துக்கு ரத்ததானம் செய்ய முடியாது, தவறாமல் கொடுப்பவர்கள் முதலில் கொடுத்துவிட்டுப் போகலாம். ராணுவத்தில் சேர நினைக்கும் பிள்ளைகள் எந்த இடத்தில் அனுமதி என்று அறிவிப்பைப் படித்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளோட்டம் பார்க்கிறேன் என்று 'கறுப்பு மருதாணி' மட்டும் போட வேண்டாம். அதில் கலக்கும் தலைச்சாய ரசாயனத்தால் தோல் கொப்பளித்துப் போனவர்கள் இருக்கிறார்கள். ஸ்டென்சிலையே ஒட்டச் சொல்லி வீட்டுக்கு வந்துவிடலாம். ஊதா நிறத்தில் ஒரு நாளாவது நிற்கும். சமைக்கும்போது, வண்டி ஓட்டும்போது, கையைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கையில் பணம் போதாவிட்டால், ஆல்பத்திலிருந்து ஏதோ ஒன்றை அவசரமாக எடுப்பதைவிட, டிசைனுக்கு மட்டும் இப்போது கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பேன். நானும் அப்படித்தான் செய்தேன். நிஜ அளவில் அச்சிட்ட தாளைப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி, நாலு மாதம் தினமும் சேலை எடுக்கும்போது பார்த்தேன். முதல் மாதம் முழுவதும் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் எப்படி இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஆசைப்பட்டு பென்சிலால் வரைந்தும் பார்த்தேன். மூன்றாம் மாதம் ஒருநாள் ரப்பரை எடுத்து அந்த வட்டத்தை அழித்தேன். பிறகு அதைப் பற்றி நினைப்பே வரவில்லை. அதற்கு அடுத்த மாதம் போன் செய்து நாள் கேட்டேன்.